மீன் தொட்டிக்குத் துணை வடிகட்டி: குறைந்த செலவில் தேர்ந்தெடுக்கும் முறை

பள்ளிகளிலும் இல்லங்களிலும் வைக்கப்படும் மீன் தொட்டிகள் சில, பல வாரங்கள் நன்கு விளங்கிய பின்னர், ஓரிரு நாட்களில் மீன்களை இழந்துவிடுகின்றன. அவ்வமயம் நீர் பெரும்பாலும் தெளிந்தே காணப்படுகிறது. ஆதலின் நீரில் குற்றமில்லை எனக் கருதிச் சிலர் மருந்தை நாடுகின்றனர். வேறு சிலர் விலை மிகுந்த வடிகட்டியை வாங்க முற்படுகின்றனர். வடிகட்டி ஆற்றும் பணி இன்னதென அறிந்தால் இவ்விரு செலவுகளையும் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

வடிகட்டியின் மூவகைப் பணி

மிதக்கும் தூசியையும் கழிவுத் துணுக்குகளையும் பிடித்து வைத்தல் முதற் பணி. நிறத்தையும் நாற்றத்தையும் நீக்குதல் இரண்டாவது. இதற்குச் செயலூட்டப்பட்ட கரி பயன்படுகிறது. மூன்றாவது பணி கண்ணுக்குப் புலப்படாதது. எனினும் மீனின் உயிர் அதனையே சார்ந்துள்ளது.

மீன் தன் செவுள்களின் வழியாக அம்மோனியாவை இடையறாது வெளியிடுகிறது. அழுகும் இரையிலிருந்தும் அம்மோனியா தோன்றுகிறது. வடிகட்டியில் ஒட்டி வளரும் ஒருவகை பாக்டீரியாக்கள் அதனை நைட்ரைட்டாகவும், வேறு வகை பாக்டீரியாக்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதலிரண்டு பொருள்களும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட்டின் தீங்கு மிகக் குறைவு. அம்மோனியா நிறமற்றது, ஆகவே தெளிந்த நீரும் நச்சு நீராக இருக்கக்கூடும். கரி இதனை நீக்குவதில்லை.

நீரின் காரத்தன்மையும் கருதத்தக்கது. 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், பி.எச். 7 உள்ள நீரில் மொத்த அம்மோனியாவில் ஏறத்தாழ 200-இல் 1 பங்கே மிகு நச்சுடைய வடிவில் உள்ளது. பி.எச். 8 ஆகும்போது அது 20-இல் 1 பங்காக உயர்கிறது. எனவே காரத்தன்மை மிகுந்த கிணற்று நீரைப் பயன்படுத்துவோர் கூடுதல் எச்சரிக்கையுடன் இருத்தல் வேண்டும்.

கழிவின் கணக்கு

60 செ.மீ. நீளமும், 30 செ.மீ. அகலமும், 30 செ.மீ. உயரமும் உள்ள தொட்டி விளிம்புவரை 54 லிட்டர் கொள்ளும். நாளொன்றுக்கு 1 கிராம் இரை இடப்படுவதாகவும், அதில் 40 சதவீதம் புரதம் எனவும் கொள்வோம். புரதத்தில் ஏறக்குறைய 16 சதவீதம் நைட்ரஜன். எனவே இரையில் 64 மில்லிகிராம் நைட்ரஜன் உண்டு. அதில் பாதி அம்மோனியாவாக வெளிப்படினும், லிட்டருக்குச் சுமார் 0.6 மில்லிகிராம் வீதம் நாள்தோறும் சேரும். இரையைக் குறைத்தலே செலவற்ற முதல் வடிகட்டி என்பது இதனால் பெறப்படும்.

இந்த 32 மில்லிகிராம் நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற, பாக்டீரியாக்களுக்குச் சுமார் 146 மில்லிகிராம் பிராணவாயு தேவை. ஆகவே நல்ல வடிகட்டிக்குரிய இலக்கணம் இரண்டு: பாக்டீரியா ஒட்டி வளரப் போதிய பரப்பு, அப்பரப்பிற்குப் பிராணவாயு நிறைந்த நீரோட்டம்.

எதனைத் தேர்ந்தெடுப்பது?

மூடிய பெட்டி வடிகட்டி பெரிய தொட்டிகளுக்கு ஏற்றது. ஆயின் விலை மிகுதி. மின்சாரம் தடைப்பட்டால் உள்ளே தேங்கும் நீரில் பிராணவாயு தீர்ந்துவிடும். சரளைக்கடியில் அமைக்கும் தட்டு வடிகட்டி மலிவானது. எனினும் அடியில் சேரும் கசடை அகற்றுதல் எளிதன்று. தொட்டியின் விளிம்பில் தொங்கும் வடிகட்டி கையாள எளிது. ஆனால் அதன் அட்டையை மாதந்தோறும் மாற்றுவோர் பாக்டீரியாக்களையும் உடன் எறிந்துவிடுகின்றனர்.

சிறு தொட்டிக்குத் துணையாக, காற்றுப் பம்பினால் இயங்கும் ஸ்பாஞ்சு வடிகட்டியே சிக்கனமானது. மேலெழும் காற்றுக் குமிழிகள் நீரை ஸ்பாஞ்சின் வழியே இழுக்கின்றன. நீரில் பிராணவாயுவும் கலக்கிறது. 5 வாட் பம்பு இரவு பகலாக ஓடினாலும் 30 நாட்களில் 3.6 யூனிட் மின்சாரமே செலவாகும். பம்பை நீர்மட்டத்திற்கு மேலே வைத்தல் வேண்டும். அன்றேல் குழாயில் ஒருவழி வால்வைப் பொருத்துதல் வேண்டும். இல்லையெனில் மின்தடையின்போது நீர் குழாய் வழியே பின்வாங்கிப் பம்பினுள் புகும்.

பொருத்தலும் பராமரிப்பும்

புதிய வடிகட்டியைப் பழையதன் அருகில் வைத்து இரண்டையும் சேர்த்தே இயக்குதல் வேண்டும். புதிய ஸ்பாஞ்சில் பாக்டீரியாக்கள் நிலைபெற 4 முதல் 6 வாரங்கள் ஆகலாம். அதுகாறும் பழையதை அகற்றலாகாது.

நீண்ட விடுமுறைக்கு முன்பு, நல்லெண்ணத்துடன் தொட்டி முழுவதையும் கழுவி, ஸ்பாஞ்சையும் குழாய் நீரில் பிழிந்து வைப்பதுண்டு. குழாய் நீரின் குளோரின் பாக்டீரியாக்களை அழிக்கிறது. தொட்டி தூய்மையாகத் தோன்றினும் காப்பற்றதாகிறது. ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே இலேசாகப் பிழிதல் வேண்டும். இரண்டு வடிகட்டிகள் இருப்பின், ஒன்றை ஒரு முறையும் மற்றதைச் சில வாரங்கள் கழித்தும் கழுவலாம். துணை வடிகட்டியின் தலையாய பயன் இதுவே: ஒன்று குறைவுறும்போது மற்றது பணியைத் தாங்கும்.

மின்சாரம் நெடுநேரம் தடைப்பட்டால் இரையை நிறுத்தி, குவளையால் நீரை முகந்து உயரத்திலிருந்து மெல்ல ஊற்றிவரின் பிராணவாயு கலக்கும். நலமுள்ள வளர்ந்த மீன்கள் சில நாட்கள் இரையின்றி இருக்க வல்லன. ஆகவே குறுகிய விடுமுறையில் பிறரை அளவின்றி இரையிடச் சொல்லுதல் தவறு.

வடிகட்டி எத்தகையதாயினும் நைட்ரேட் சேர்ந்துகொண்டே வரும். வாரம் ஒருமுறை நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றுதல் இன்றியமையாதது. புதிய நீரை அகன்ற வாயுள்ள பாத்திரத்தில் ஒரு நாள் வைத்திருந்தால் குளோரின் பெரும்பாலும் அகலும். குளோரமின் கலந்த நீர் வழங்கப்படும் இடங்களில் இம்முறை போதாது. அதற்குரிய மருந்தைக் கலத்தல் வேண்டும்.

வகுப்பறைப் பயிற்சி

துணை வடிகட்டி பொருத்திய நாள்முதல் 6 வாரங்கள், மாணவர்கள் இரையின் அளவையும், சோதனைக் கரைசல் காட்டும் அம்மோனியா, நைட்ரைட் அளவுகளையும் வாரம் இருமுறை குறித்து வரைபடம் வரையலாம். இவ்விரண்டும் சோதனையில் புலப்படாத நிலை தொடர்ந்து நீடித்தால், தொட்டிக்கு மேலும் வடிகட்டி வேண்டியதில்லை. புலப்படுமாயின், உடனே நீரில் ஒரு பகுதியை மாற்றி, இரையையும் மீன்களின் எண்ணிக்கையையும் குறைத்துப் பார்த்த பின்னரே புதிய செலவை எண்ணுதல் தகும்.