தராசருகே தொடங்கும் பயிற்சி

விடுமுறைப் பயிற்சிக்காக ஹட்டன் பக்கத் தேயிலைத் தொழிற்சாலைக்குப் போகும் நமது வணிக மாணவர்கள் முதலில் விசாரிப்பது அறையையும் சாப்பாட்டையும்தான். (ஹட்டன் நகரில் பள்ளிவாசல் உண்டு, கம்பளிச் சட்டையை மறக்க வேண்டாம்.) நான் சொல்வது வேறு: கணினி முன் உட்காருமுன் கொழுந்து நிறுக்கும் தராசருகே நில்லுங்கள். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். ஜூன், ஜூலை மழையில் இலையோடு தண்ணீரும் நிறையில் ஏறும்; அதற்காக எடையில் கழிப்பார்கள். குறைத்துக் கழித்தால் தொழிற்சாலைக்கு நட்டம். கூட்டிக் கழித்தால் பறித்த பெண்ணின் கூலியில் கைவைத்ததாகும். அளவை நிறுவையில் மோசடி செய்வோரை எச்சரிக்க 'அல் முதப்பிபீன்' என்று ஒரு ஸூராவே இருக்கிறதல்லவா? கழிவை எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்று பணிவாகக் கேட்டு நாள்தோறும் குறித்துக்கொள்ளுங்கள். வாட்டுதல், உருட்டுதல், தரம்பிரித்தல் எல்லாம் பிறகு. கொழும்பில் 1883 முதல் நடந்துவரும் தேயிலை ஏலத்தின் விலைகளை அந்தக் குறிப்போடு சேர்த்து வாசியுங்கள்.