பிராக்கெட் வெறும் தாங்கி அல்ல

பழைய ஐபிஎம் பிசியின் சிஜிஏ கார்டைக் கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத, ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் நீள உலோகத் தகடுதான் பிராக்கெட். ஒன்பது முள் வீடியோ போர்ட்டை இரண்டு அறுகோண ஸ்க்ரூக்கள் அந்தத் தகட்டோடு இறுக்கியிருக்கும். தகட்டின் மடிந்த தலையை இன்னொரு ஸ்க்ரூ இரும்புப் பெட்டியோடு பிணைத்திருக்கும். பெட்டி பவர் சப்ளை வழியாகச் சுவரில் உள்ள எர்த்துக்குப் போகும்.

நாற்பது ஆண்டுகளில் தகடு தொலைகிறது, துருப்பிடிக்கிறது, அல்லது புதிதாக வைக்கும் அடாப்டருக்குப் பொருந்தாமல் போகிறது. நாம் 3டி பிரிண்டரில் பிளாஸ்டிக்கில் ஒன்று அச்சிட்டு மாட்டுகிறோம். படம் வருகிறது. இடையில் ஒரு மின்பாதை அறுந்துவிட்டது என்பது மட்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

“படம் தெளிவாக வருகிறது. அப்படியானால் எர்த் சரிதான்.”

நான் அதிகம் கேட்பது இதைத்தான். அதிகம் பயப்படுவதும் இதற்குத்தான். படம் வருவதற்குப் போர்ட்டைச் சுற்றியுள்ள உலோக ஷெல் தேவையே இல்லை. சிஜிஏ போர்ட்டில் 1, 2 ஆகிய முள்கள் கிரவுண்ட். விஜிஏவில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 6, 7, 8 எனத் தனித்தனித் திரும்பு பாதை உண்டு. சிக்னல் அவற்றின் வழியே போய்வந்துவிடும்.

ஷெல்லின் வேலை வேறு. கேபிளை மெதுவாகச் செருகிப் பாருங்கள்: முள்கள் துளைக்குள் தொடும் முன்பே இரண்டு பக்க உலோக ஷெல்களும் ஒன்றையொன்று தொட்டுவிடும். தற்செயலாக அமைந்ததல்ல அது. கணினியின் பவர் சப்ளையில் ஃபேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாகச் சிறு கெபாசிட்டர்கள் பெட்டியோடு இணைந்திருக்கும். நம் வீடுகளில் பல பிளக் பாயிண்டுகளில் எர்த் துளை இருக்கும், பின்னால் கம்பி இருக்காது. அதில் செருகினால் பெட்டி 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி, 115 வோல்ட் அளவில் மிதக்கும். புறங்கையால் தடவினால் ஜிவ்வென்று இழுக்குமே, அதுதான். மின்னோட்டம் ஒரு மில்லிஆம்பியரில் சிறு பங்குதான் என்பதால் ஆளுக்குப் பொதுவாக ஆபத்தில்லை. ஆனால் எர்த் உள்ள மானிட்டரின் கேபிளை அந்த நிலையில் செருகும்போது இரு பக்க அழுத்தமும் எந்த உலோகம் முதலில் தொடுகிறதோ அதன் வழியே சமமாகும். ஷெல் பெட்டியோடு சேர்ந்திருந்தால் அது ஷெல்லோடு முடிந்துவிடும். பிளாஸ்டிக் பிராக்கெட்டில் ஷெல் அந்தரத்தில் நின்றால், முதலில் தொடும் முள்ளின் வழியே பாயும். அது வீடியோ சிப்புக்குப் போகும் முள்ளாக இருந்துவிட்டால், இன்று புதிதாகத் தயாரிக்கப்படாத ஒரு சிப்பை இழக்கிறோம்.

“ஷெல்லிலிருந்து ஒரு மெல்லிய வயரை இழுத்துவிட்டால் போதும்.”

ஒன்றும் இல்லாததற்கு இது மேல். மல்டிமீட்டரும் பூஜ்ய ஓம் காட்டும். ஆனால் மல்டிமீட்டர் அளப்பது நேர்மின்னோட்டத்தில். சிஜிஏவின் அடிப்படைக் கடிகாரத் துடிப்பு 14.318 மெகாஹெர்ட்ஸ். 7ஆல் பெருக்கினால் 100.2 வரும், எஃப்.எம். வானொலி அலைவரிசையின் நட்டநடுவே. பத்து சென்டிமீட்டர் வயருக்குச் சுமார் 100 நானோஹென்றி தூண்டல் இருக்கும். 100 மெகாஹெர்ட்ஸில் அது 60 ஓமுக்கு மேல் தடுக்கும். அந்த அலைக்கு உங்கள் எர்த் வயர் பாதி மூடிய கதவு. கேபிளின் உறை வானொலி ஆன்டெனா போலவே ஒலிபரப்பத் தொடங்கும். 1979இல் அமெரிக்கா கணினிகளின் அலைக்கசிவுக்கு வரம்பு விதித்தது இதனால்தான். அட்டாரி 800க்குள் கனத்த அலுமினிய வார்ப்பு வந்ததும், சில கமடோர் 64 போர்டுகளின் மேல் அலுமினியத் தாள் ஒட்டிய அட்டை வந்ததும் இந்தக் கவலையால்தான்.

நீளம் குறையவேண்டும், அகலம் கூடவேண்டும். ஷெல்லின் முழு விளிம்பும் உலோகத்தைத் தொடவேண்டும்.

“மின்சாரம் கடத்தும் இழையில் அச்சிட்டால் தகடே வேண்டாம்.”

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கரி கலந்த பிஎல்ஏ இழைக்கு 15 ஓம்-செ.மீ. தன்மின்தடை என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 செ.மீ. நீளம், 1.8 செ.மீ. அகலம், 2 மி.மீ. தடிமன் உள்ள பிராக்கெட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சுமார் 500 ஓம். அதே அளவு செப்புத் தகட்டில் ஓர் ஓமில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட வராது. நிலைமின்னை மெல்ல வடியவிட அந்த இழை உதவும். எர்த் பாதையாக உதவாது.

பிளாஸ்டிக்கின் மேல் ஒட்டும் செப்பு நாடாவிலும் ஒரு பொறி உண்டு. பல நாடாக்களின் பசை மின்சாரம் கடத்தாது. இரண்டு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டினால் பார்க்க ஒன்றாக இருக்கும், மின்பாதை இருக்காது. மேசையிலேயே சால்டர் வைத்து இணைத்துவிட்டுப் பிறகு பிளாஸ்டிக்கில் ஒட்டுங்கள். பிஎல்ஏ 60 டிகிரியிலேயே இளகிவிடும்.

என் வழி இன்னும் எளிது. காலி எண்ணெய் டின்னின் தகரத்தைக் கத்தரியால் வெட்டி, உப்புத்தாளால் பெயின்டைச் சுரண்டி, பிராக்கெட்டின் உட்புறம் வைக்கிறேன். வடிவத்தைப் பிளாஸ்டிக் பார்த்துக்கொள்கிறது, தொடர்பைத் தகரம். ஷெல்லைத் தாங்கும் இரண்டு ஸ்க்ரூக்களும், தலையில் பெட்டியோடு சேரும் ஸ்க்ரூவும் ஒரே துண்டுத் தகரத்தின் வழியே போகவேண்டும். பெட்டிப் பக்கம் பல் வாஷர் போட்டால் பெயின்டைக் கடித்து இரும்பைத் தொடும்.

“அளவெடுத்து அப்படியே வரைந்தால் பொருந்திவிடும்.”

உலோகத்தின் தடிமனை பிளாஸ்டிக்குக்குக் கொடுத்தால் கேபிளை இழுக்கும்போதே முறியும். மூன்று மில்லிமீட்டர் கொடுத்தால் போர்ட்டின் டி வடிவ மூக்கு உள்ளே பதுங்கிக்கொள்ளும், கேபிள் முழுதாக இறங்காது. மூக்கைச் சுற்றி மட்டும் ஒரு மில்லிமீட்டராக மெலித்து, இரு ஓரத்திலும் விலா எலும்பு போல மேடு வையுங்கள். தலை மடிப்பின் ‘ட’ வடிவம் ஒவ்வொரு அடுக்கிலும் முழுதாக வரும்படி பக்கவாட்டில் படுக்கவைத்து அச்சிடுங்கள். நிறுத்தி அச்சிட்டால் மடிப்பில் அடுக்கு பிரிந்துவிடும்.

போர்ட்டின் ஸ்க்ரூ எம்3 அல்ல, 4-40. எம்3இன் மரை இடைவெளி 0.5 மி.மீ., இதற்கு 0.635. முதல் இரண்டு சுற்றுப் போகும், பிறகு மரை அழியும்.

“திரையில் பட்டை ஓடினால் பிளக்கின் எர்த் முள்ளை வெட்டிவிடு.”

தயவுசெய்து செய்யாதீர்கள். கணினியும் மானிட்டரும் வெவ்வேறு இடத்தில் எர்த் ஆகும்போது அந்தப் பட்டை வரக்கூடும். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினால் பெரும்பாலும் அடங்கிவிடும். முள்ளை வெட்டினாலும் பட்டை மறையலாம். ஆனால் பவர் சப்ளைக்குள் ஃபேஸ் கம்பி ஒன்று நழுவி உறையைத் தொட்ட நாளில், ஃபியூஸை அறுத்திருக்க வேண்டிய மின்சாரம் பெட்டியைத் தொடுகிறவரின் கைக்காகக் காத்திருக்கும். வீட்டில் குழந்தை இருந்தால் இன்னும் கொஞ்சம் யோசியுங்கள்.

எல்லாம் மாட்டிய பிறகு, பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிட்டு ஒரு சோதனை. மல்டிமீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு என்ன காட்டுகிறது என்று பாருங்கள். மலிவான மீட்டரில் 0.3 ஓம்கூட இருக்கும். பிறகு ஒரு முனையை வீடியோ போர்ட்டின் ஷெல்லிலும், மறுமுனையை மூன்று முள் பிளக்கின் பெரிய முள்ளிலும் வையுங்கள். பவர் கார்டையும் சேர்த்து, முன்பு காட்டியதைவிட ஒரு ஓமுக்கு மேல் ஏறக்கூடாது. அப்படியே வைத்துக்கொண்டு கேபிளைப் பிடித்து லேசாக ஆட்டுங்கள். எண் தாவினால் தலை ஸ்க்ரூவைக் கழற்றி அடியில் பாருங்கள். அநேகமாகப் பெயின்ட் மிச்சமிருக்கும்.