கத்திரி வெயிலில் மயங்கி விழுந்தால்

அக்கினி நட்சத்திர நாட்களில் பகல் 12 முதல் 3 மணி வரை வெளிவேலையைத் தள்ளிப்போடுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திராமல், உப்புப் போட்ட நீர்மோர் அவ்வப்போது குடியுங்கள். (இதய, சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளவும்.)

லேசான தலைசுற்றலும் தசைப்பிடிப்பும் நிழலில் உட்காரவைத்து ஓ.ஆர்.எஸ். கொடுத்தாலே பெரும்பாலும் தெளியும். பேச்சு குழறி, உடம்பு அனலாய்க் கொதித்தால் அது ஹீட் ஸ்ட்ரோக். உடல் சூடு 104 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியிருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை கூடி நின்று வேடிக்கை பார்க்காமல், சட்டையைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் சோடா புகட்டும் நம்மூர்ப் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். பாரசிட்டமாலும் இந்தச் சூட்டைத் தணிக்காது.