பைன் மரத்தின் குணம் பிஞ்சிலேயே தெரியுமா?

மேடவாக்கம், பள்ளிக்கரணைப் பக்கம் மரச்சாமான் கடைகளில் தேக்கு விலையைக் கேட்டு மலைத்தவருக்குக் கடைக்காரர் அடுத்துக் காட்டுவது பைன் கட்டில். ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு இயந்திரம் வந்திறங்கிய பெட்டிகளைப் பிரித்தால் கிடைப்பதும் பெரும்பாலும் பைன் பலகைதான். தாம்பரத்தில் வீடு எழும்பும் தெருக்களில் முட்டுக்கு நிற்பது சவுக்கு. இரண்டைப் பற்றியும் ஆளுக்கொரு அபிப்பிராயம் உண்டு. பாதி தப்பு.

நம்பிக்கை: சவுக்கும் பைன் இனம்தான்.

இல்லை. ஈ.சி.ஆர். தோப்பில் ஓர் 'ஊசி'யைப் பறித்து இழுத்துப் பாருங்கள், கணுக்கணுவாகக் கழன்று வரும். அது இலையே அல்ல, மெல்லிய கிளை. கணுவைச் சுற்றிப் பொடிப் பல்லாக நிற்கும் செதில்கள்தான் இலை. சவுக்கு பூக்கும் தாவரம். பைன் பூப்பதே இல்லை.

நம்பிக்கை: வெட்டி அறுத்தால்தான் மரத்தின் தரம் தெரியும்.

நியூசிலாந்தில் ரேடியேட்டா பைன் வெட்டுக்கு வர 28 ஆண்டு போல ஆகும். அதுவரை காத்திருந்து நல்ல மரத்தைக் கண்டு விதையெடுப்பதென்றால், ஓர் ஆராய்ச்சியாளர் வேலைக்குச் சேர்ந்து ஓய்வு பெறுவதற்குள் ஒரே ஒரு தலைமுறைதான் தாண்டும். ஆகவே ஏழெட்டு வயதிலேயே சோதித்துவிடுகிறார்கள். மார்பளவு உயரத்தில் துளையிட்டு, பென்சிலைவிட மெல்லிய மரக்குச்சி ஒன்றை உள்ளிருந்து உருவி அடர்த்தியை அளக்கிறார்கள். தண்டில் மேலும் கீழுமாக இரண்டு ஆணிகளைப் பதித்து, ஒன்றைச் சுத்தியலால் தட்டி, ஒலி மற்றதை எட்டும் நேரத்தைக் குறிக்கிறார்கள். ஒலி வேகமாக ஓடினால் மரம் விறைப்பானது. மரத்துக்கும் ஒன்றும் ஆவதில்லை.

பருமன் மண்ணையும் தண்ணீரையும் பக்கத்து மரத்தின் நிழலையும் பொறுத்து மாறும். அடர்த்தி பெருமளவு தாய் தகப்பன் வழி வருவது. எனவே எட்டு வயதில் அடர்த்தியில் முந்துகிற மரம், வெட்டும் வயதிலும் பெரும்பாலும் முந்தியே நிற்கிறது. சில மரங்கள் ஏமாற்றத்தான் செய்யும். மிச்சமாகும் இருபது ஆண்டுகளுக்கு அது சின்ன விலை.

நம்பிக்கை: வேகமாக வளர்ந்த மரம் சோதா.

பாதி உண்மை. பைனின் மையத்திலிருந்து முதல் பத்து வளையம் வரை உள்ள மரம் லேசானது, முறுக்கிக்கொள்வது. சீக்கிரம் பெருத்துவிட்டதே என்று இளவயதில் வெட்டினால் பலகையில் அதுதான் மிகுதியாக இருக்கும். பழியோ வேகத்தின் மேல் விழுகிறது. வேகமும் அடர்த்தியும் சேர்ந்து வாய்த்த மரங்கள் உண்டு. அவற்றைத் தேடிப் பிடிப்பதே இனத்தேர்வு.

நம் சவுக்கையே பாருங்கள். மூன்று முதல் ஐந்து ஆண்டில் வெட்டுகிறோம். ஆனாலும் பைனைவிடக் கனம். 1988-ல் தொடங்கிய கோவை வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனம், இந்தச் சவுக்கோடு இந்தோனேசியாவின் ஜுங்குனியானா சவுக்கைக் கலந்து சி.எச்.1, சி.எச்.5 போன்ற ஒட்டுரகங்களை வெளியிட்டது. சாரத்துக்குக் கோணாத தண்டு வேண்டும். காகிதபுரம் காகித ஆலைக்கு நிறையக் கூழ் வேண்டும். மதுராந்தகம், செய்யூர்ப் பக்கம் நிலம் வைத்திருப்பவர் நாற்று வாங்கும்போது ரகத்தின் பெயரைக் கேட்பது நல்லது. 'நல்ல சவுக்கு' என்று ஒரு ரகம் கிடையாது.

நம்பிக்கை: இதெல்லாம் மரபணு மாற்றம்.

மகரந்தம் சேர்ப்பதும், பிடித்த மரத்தின் கிளைத் துண்டை வேர்விடச் செய்வதும் மாற்றம் அல்ல. நாற்றின் மரபணுவைப் படித்துத் தேர்வதும் அப்படியே. படிப்பது வேறு, திருத்துவது வேறு. 2014-ல் வெளியான லாப்லாலி பைனின் மரபுத்தொகுதியில் சுமார் 2,200 கோடி எழுத்துகள், மனிதனுடையதைப் போல ஏழு மடங்கு. படித்து முடிப்பதே பெரும்பாடு.

நம்பிக்கை: முத்திரை குத்திய பைன் உயர்ரகம்.

பெட்டிப் பலகையில் கதிர் படத்தோடு இருக்கும் அந்த முத்திரை பூச்சிக்கு எதிரான சான்று மட்டுமே. எச்.டி. என்றால் மரத்தின் உட்புறம் 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேறியது என்று பொருள். எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு புகையிட்டது. அதை வீட்டுச் சாமானுக்கு எடுக்காதீர்கள். கட்டில் வாங்கும்போது பலகையின் வெட்டுமுனையைப் பாருங்கள். மரத்தின் நடுப்புள்ளியும் அதைச் சுற்றி அகன்ற வளையங்களும் தெரிந்தால், அது நாளைக்கு வளையும் பலகை. வேறொன்றைக் காட்டச் சொல்லுங்கள்.