கிண்டலுக்கு ஆளாகாத பிள்ளையும் ஏன் கை தூக்குவதில்லை?

உங்கள் மகனோ மகளோ ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படிக்கிறார்களா? இன்று இரவு சாப்பிடும்போது ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "உன்னை யாராவது கிண்டல் பண்றாங்களா?" என்று வேண்டாம். "இல்ல" என்று ஒரே வார்த்தையில் பேச்சு முடிந்துவிடும். "உன் கிளாஸ்ல யாரை ரொம்ப கலாய்க்கிறாங்க?" என்று கேளுங்கள்.

'அடுத்த பிள்ளையைக் கலாய்த்தால் என் பிள்ளை படிப்புக்கு என்ன?' என்று தோன்றலாம். சம்பந்தம் இருக்கிறது.

எது கிண்டல், எது துன்புறுத்தல்?

நண்பர்கள் மாறி மாறிக் கலாய்த்துக்கொள்வது வேறு. பள்ளித் துன்புறுத்தல் பற்றிய ஆய்வுக்கு முன்னோடியான நார்வே உளவியலாளர் டான் ஓல்வியஸ் மூன்று அடையாளங்களைச் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாத ஒருவரிடம் செய்வது. பலம் என்றால் உடம்பு பலம் மட்டும் இல்லை. சாதி, பணம், நிறம், சீனியர் என்கிற கெத்து, கூட இருக்கும் கூட்டம் எல்லாமே பலம்தான். வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவரின் படத்தை ஸ்டிக்கராக்கி நாற்பது பேர் சிரிப்பதும் இதில் சேரும்.

பார்க்கிறவருக்கும் பாதிப்பு

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஏறத்தாழ 290 உயர்நிலைப் பள்ளிகளின் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் 7,000-க்கும் மேற்பட்டோரிடம் ஆய்வு நடந்தது. 'இங்கே துன்புறுத்தல் சகஜம்' என்று மாணவர்கள் கருதிய பள்ளிகளில், பள்ளி மீதான பற்றும் விளையாட்டு, மன்றம் போன்றவற்றில் பங்கேற்பும் குறைவாக இருந்தன. ஒவ்வொரு மாணவரும் தனித்தனியாக என்ன கருதினார் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் பள்ளி அளவில் இந்தத் தொடர்பு இருந்தது.

யோசித்தால் புரியும். ஒருவன் திக்கித் திக்கிப் படிக்கிறான், வகுப்பே சிரிக்கிறது, ஆசிரியரும் கண்டுகொள்ளவில்லை. அடுத்த கேள்விக்குப் பதில் தெரிந்த பெண்ணும் கையைத் தூக்க மாட்டாள். 'நமக்கெதுக்கு வம்பு' என்று கடைசி பெஞ்சுக்குள் ஒடுங்குவாள். அவளுக்குப் பாடம் புரியாமல் இல்லை. பயம்தான் காரணம்.

கண்டிப்பும் வேண்டும், அரவணைப்பும் வேண்டும்

பிரம்பை எடுத்தால் சரியாகிவிடுமா? அதே வர்ஜீனியா பள்ளிகளில் இரண்டு விஷயங்கள் சேர்ந்திருந்த இடங்களில்தான் துன்புறுத்தல் குறைவாக இருந்தது. ஒன்று, ஆள் பார்த்து மாறாத, எல்லோருக்கும் ஒரே மாதிரியான விதி. இன்னொன்று, மனம் விட்டுச் சொன்னால் காது கொடுக்கும் பெரியவர்கள். விதி மட்டும் இருந்தால் பிள்ளைகள் மறைப்பார்கள். அன்பு மட்டும் இருந்து நடவடிக்கை இல்லையென்றால், சொல்லி என்ன பிரயோஜனம் என்று விட்டுவிடுவார்கள்.

நம் ஊரில்

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை மறக்க முடியாது. சக மாணவர்களின் தொல்லையால் பள்ளிக்குப் போகாமல் இருந்த பிளஸ் டூ மாணவர், அதைப் பள்ளியில் சொன்ன பிறகு, வீடு புகுந்து வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் காயமடைந்தார். புகாரைக் கேட்பதோடு வேலை முடியவில்லை, சொன்ன பிள்ளையைப் பாதுகாக்கவும் வேண்டும் என்பது இதில் கிடைத்த கசப்பான பாடம். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை, அகர வரிசைப்படி இருக்கை போன்றவை அதன் பரிந்துரைகள்.

அரசுப் பள்ளிகளில் 2024-ல் தொடங்கிய 'மகிழ் முற்றம்' திட்டத்தில் மாணவர்கள் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து குழுக்களாகச் செயல்படுகிறார்கள். வழக்கமான கும்பலைத் தாண்டிப் பழக இது ஒரு வாய்ப்பு.

நீங்கள் செய்யக்கூடியவை

• பிள்ளை சொன்னால் முதலில் முழுசாகக் கேளுங்கள். "நீ என்ன பண்ண?" என்று ஆரம்பிக்காதீர்கள்.
• தேதி, இடம், நடந்தது ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். மெசேஜை அழிக்கும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.
• வகுப்பு ஆசிரியரிடமும் தலைமை ஆசிரியரிடமும் எழுத்தில் கொடுங்கள். "இனி என் பிள்ளைக்கு என்ன பாதுகாப்பு?" என்று கேளுங்கள்.
• பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி உறுப்பினர்கள் பெற்றோர்தான். கழிப்பறை, குடிநீரோடு இதையும் கூட்டத்தில் பேசுங்கள்.
• பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417. குழந்தைகள் உதவி எண் 1098. பிள்ளைகளே நேரடியாக அழைக்கலாம்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: எல்லோரும் சிரிக்கும்போது நீங்கள் சிரிக்காமல் இருக்கலாம். இடைவேளையில் அந்தப் பையன் பக்கத்தில் போய் உட்காரலாம். நாளைக்கு அவனும் கை தூக்குவான், நீங்களும் தூக்குவீர்கள்.