மானிட்டர் கத்துகிறது: நோயாளிக்கா, ஒயருக்கா?

பழைய கம்ப்யூட்டர்களை ஆன் செய்ததும் சில நேரம் 'கீபோர்டு எரர், எஃப்1 அழுத்தவும்' என்று ஒரு செய்தி வரும். இல்லாத கீபோர்டில் எஃப்1-ஐ எப்படி அழுத்துவது என்று சிரிப்போம். பின்பக்கம் ஒயரைச் சரியாகச் செருகினால் வேலை முடிந்தது. இதே போன்ற செய்திகளைத் தரும் இன்னொரு கம்ப்யூட்டரை இம்மாதம் பார்ப்போம். ஆஸ்பத்திரியில் கட்டிலின் தலைமாட்டில் இருக்கும் பேஷண்ட் மானிட்டர்தான் அது.

எங்கள் ஊர் மரக்காணம். உப்பளத்தில் வேலை பார்க்கும் என் சித்தப்பாவை நெஞ்சு வலிக்காக ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். நள்ளிரவில் மானிட்டர் கத்தியது. ஈ.சி.ஜி. கோடு நேர்கோடாக ஓடியது. சினிமாவில் பார்ப்போமே, அதே கோடு! சித்தி தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். சத்தத்தில் கண் விழித்த சித்தப்பா, "என்னா தம்பி, கரண்டு போச்சா?" என்றார்.

அப்புறம்தான் திரையின் மூலையைப் பார்த்தேன். 'லீட் ஆஃப்' என்று இருந்தது. கீழே விரல் சென்சாரின் அலை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. நாடித் துடிப்பு 78.

மானிட்டரில் அலாரம் இரண்டு வகை. துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் ஆகியவை எல்லை மீறினால் வருவது உடல்நிலை அலாரம். சென்சார், ஒயர், பேட்டரி ஆகியவற்றில் கோளாறு என்றால் வருவது டெக்னிக்கல் அலாரம். ஐ.ஈ.சி. 60601-1-8 என்ற சர்வதேசத் தரத்தின்படி மிக அவசரமானது சிவப்பில் மினுக்கும், அடுத்தது மஞ்சளில் மினுக்கும். அவசரம் குறைந்தது மினுக்காமல் மஞ்சளாகவோ வெளிர் நீலமாகவோ நிற்கும். ஆனால் நிறத்தை மட்டும் நம்பாமல் எழுத்தையும் படியுங்கள். அதற்கும் முன்னால் நோயாளியின் முகத்தைப் பாருங்கள்.

அன்று வார்டில் இருந்த ஊழியர் மணிச் சின்னம் போட்ட பட்டனை அழுத்திவிட்டுப் போய்விட்டார். சத்தம் கொஞ்ச நேரம் நிற்கும், மீண்டும் கத்தும். மூன்று முறை இப்படியே நடந்தது. டெக்னிக்கல் அலாரம்தானே என்று விடக்கூடாது என்பது இங்கேதான் புரிகிறது. 'லீட் ஆஃப்' என்றால் 'எனக்கு இதயம் தெரியவில்லை' என்று மானிட்டர் சொல்கிறது. அந்த நேரத்தில் துடிப்பு தாறுமாறானாலும் ஈ.சி.ஜி. அதைக் காட்டாது.

நான்காவது முறை நர்ஸ் வந்தார். மார்பில் ஒட்டிய எலக்ட்ரோடு, அதன் பட்டனில் மாட்டும் கிளிப், ஒயர், மானிட்டரில் செருகும் முனை என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனார். சிவப்பு ஒயரின் கிளிப்பில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. கடற்கரைக்காரர்களுக்கு இது பழகிய காட்சிதான். காற்றில் உள்ள உப்பு ஈரத்தை இழுத்து உலோகத்தை அரித்துவிடும். வேடிக்கை என்னவென்றால், எலக்ட்ரோடுக்குள் இருக்கும் ஜெல்லிலும் உப்புதான் இருக்கிறது. தோலிலிருந்து வரும் மிகச் சிறிய மின்சாரத்தை வெள்ளி, சில்வர் குளோரைடு பூச்சுக்குக் கடத்துவது அதுதான். ஜெல் காய்ந்தாலும் இதே அலாரம் வரும். அதனால்தான் பிரித்த பாக்கெட்டை நாள்கணக்கில் வைக்கக்கூடாது. வியர்வை, முடி, காய்ந்த தோல் இருந்தாலும் எலக்ட்ரோடு சரியாக ஒட்டாது. துடைத்து, உலரவிட்டு, புதிதாக ஒட்டுவார்கள்.

ரேம் முனையை ரப்பரால் தேய்க்கிறோமே, இதையும் தேய்க்கலாமா என்றால், வேண்டாம். அரித்த ஒயரை மாற்றுவதே சரி. நர்ஸும் மாற்றினார், கோடு மேடும் பள்ளமுமாக ஓடத் தொடங்கியது.

விரல் சென்சார் சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியே அனுப்பி ஆக்சிஜனைக் கணக்கிடுகிறது. 'சென்சார் ஆஃப்', 'சிக்னல் குறைவு' என்று வந்தால் மருதாணி, நகப்பூச்சு, சில்லிட்ட விரல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தப் பட்டையும் அதே கையில் இருந்தால், பட்டை இறுகும்போதெல்லாம் ரத்த ஓட்டம் தடைபட்டு அலாரம் வரும். சென்சாரை மறு கைக்கு மாற்றினால் போதும். 'கஃப் லீக்' என்றால் குழாய் இணைப்பு தளர்ந்திருக்கலாம், பட்டை சரியாகச் சுற்றப்படாமல் இருக்கலாம்.

'பேட்டரி லோ' வந்தால் பிளக்கையும் சுவிட்சையும் பாருங்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததே, அது போன்ற நாட்களில் எங்கள் கரையில் மின்சாரத்தை நம்ப முடியாது. பழைய பேட்டரி உங்கள் யு.பி.எஸ். பேட்டரி போலத்தான், முழுதாக சார்ஜ் ஆனதாகக் காட்டிவிட்டுச் சீக்கிரமே கைவிடும்.

உறவினராக இருக்கும்போது எதையும் நீங்களே கழற்ற வேண்டாம். கம்ப்யூட்டர் மெக்கானிக்குக்குப் போன் செய்யும்போது திரையில் வந்த செய்தியை அப்படியே படித்துச் சொல்கிறீர்கள் அல்லவா? நர்ஸிடமும் அப்படியே சொல்லுங்கள். 'ஆர்.ஏ. ஆஃப்' என்றால் வலது தோள் பக்க எலக்ட்ரோடு, 'எல்.ஏ.' இடது தோள், 'எல்.எல்.' இடது கீழ்ப்பக்கம். நம் நாட்டில் பெரும்பாலும் இவை முறையே சிவப்பு, மஞ்சள், பச்சை. அமெரிக்க முறை ஒயர் என்றால் வெள்ளை, கறுப்பு, சிவப்பு.

சித்தப்பாவின் ஒயரை மாற்றி ஒரு மணி நேரம் இருக்கும், மறுபடி சத்தம். இம்முறை திரையில் சிவப்பு மினுக்கியது. துடிப்பு 38 என்று காட்டியது. நர்ஸ் ஓடி வந்தார், பின்னாலேயே டாக்டரும் வந்தார்.