வாளையாறு தாண்டினால் போதும்

கோவையில் வேலை செய்கிறேன். ஞாயிறு ஒருநாள்தான் ஓய்வு. கூட்டமில்லாத ஊரும், வழக்கமான பார் போல இல்லாத ஒரு இடமும் பக்கத்தில் உண்டா?
- வாசகர், கோவை

உண்டு, வாளையாறு எல்லையைத் தாண்டிக் கேரளத்தின் பாலக்காட்டுக்கு ரயில் ஏறுங்கள். ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். காலையில் தஸ்ராக் கிராமம்: மலையாள எழுத்தாளர் ஓ.வி. விஜயன் 1969இல் வெளியிட்ட ‘கசாக்கின் இதிகாசம்’ நாவலுக்கு வித்திட்ட ஊர். பனைமரங்களும் வயல்களும் சூழ்ந்த அவர் நினைவிடத்தில் நிதானமாக உட்காருங்கள். பிறகு சித்தூர், கேரளத்தின் மற்ற மாவட்டங்களுக்கும் கள் போகிற ஊர்.

அங்கே ‘கள்ளு’ என்று மலையாளத்தில் எழுதிய பலகையைத் தேடுங்கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. கேரளத்திலோ உரிமம் பெற்ற கடையில் பகலிலேயே விற்கிறார்கள். மதியத்துக்குள் போய்விடுங்கள். காலையில் இறக்கிய கள் இனிக்கும்; நேரம் ஏற ஏறப் புளிக்கும், போதையும் கூடும். என்னைக் கேட்டால், கள்ளைவிடக் கப்பையும் (மரவள்ளிக்கிழங்கு) காரமான மீன்கறியும்தான் முக்கியம். குடிக்காத நண்பரையும் தாராளமாக அழைத்துப் போகலாம்.

குடித்துவிட்டு ஓட்டக் கூடாது, அதனால் பைக் வேண்டாம். மிச்சக் கள்ளைப் பாட்டிலில் கொண்டுவரவும் வேண்டாம், எல்லைக்கு இந்தப் பக்கம் அது குற்றம்.